நம் நடுவே மூன்றாவது ஆள்

அக்கா,

இன்று காலை லேப்டாப்பைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தபோது, அதன் நெற்றியில் நீ ஒட்டிவிட்டுப் போன பிளாஸ்திரி கையோடு வந்துவிட்டது. ஊசி போட்ட இடத்தில் ஒட்டுவார்களே, அந்த வெள்ளை பிளாஸ்திரி. ஓரமெல்லாம் கறுத்துச் சுருண்டிருந்தது. மூக்கருகே கொண்டுபோனேன். பசையும் மருந்தும் கலந்த அந்த வாசனை இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. பிளாஸ்திரி இருந்த இடத்தில் மிளகளவு கறுப்புக் கண் ஒன்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. பார்த்துவிட்டுப் போகட்டும் என்று அதன் எதிரில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். வீட்டில் வேறு யாரும் இல்லை.

"இந்தக் கண்ணு யாரப் பாக்குது நூரு?" என்று நீ கேட்டது நினைவுக்கு வந்தது.

ரியாஸ் துபாயிலிருந்து ஊர்க்காரர் ஒருவர் மூலம் அந்த லேப்டாப்பை அனுப்பியிருந்த வாரம் அது. புது மருமகளைப் பார்க்க வருவதுபோல நீ முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாய். மகன் பேசும்போது என் முகம் அவனுக்குத் தெரிவதற்காகத்தான் அந்தக் கண் என்றேன். "சரி. அவன் பேசாதப்போ?" என்றாய். மறுநாள் பிளாஸ்திரியோடு வந்து ஒட்டினாய். வெள்ளிக்கிழமைதோறும் ரியாஸ் கூப்பிடும்போது நான் அதை நகத்தால் நெம்பி எடுப்பதும், பேசி முடித்ததும் திரும்ப ஒட்டிவிட்டேனா என்று நீ வந்து பார்ப்பதும் வழக்கமாயிற்று. பிரித்துப் பிரித்து ஒட்டினால் பிளாஸ்திரி எத்தனை நாள் நிற்கும்? நீதான் அடிக்கடி புதிது மாற்றினாய். இன்று கையோடு வந்தது நீ கடைசியாக ஒட்டியது. நீ போன பிறகு அதைப் பிரிக்க மனம் வராமல், ரியாஸிடம் போனிலேயே பேசிக்கொள்கிறேன்.

கோவளத்தில் என் பக்கத்துப் போர்ஷனுக்கு நீ குடிவந்தபோது என் வீட்டுக்காரர் மௌத்தாகி ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை. நீ உன் வீட்டுக்காரரை அதற்கு வெகுகாலம் முன்பே இழந்தவள். கடற்கரைச் சாலையில் ஒரு பெரிய ஓட்டலில், படுக்கை விரிப்புகளும் துண்டுகளும் வந்துபோகும் சலவைப் பிரிவில் காலமெல்லாம் நின்று ஓய்வு பெற்றிருந்தாய். நான் திருக்கழுக்குன்றத்தில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவள். அங்கே கம்ப்யூட்டர் வந்தபோது அதை வயதில் சிறியவர்கள் பக்கம் தள்ளிவிட்டுப் பேனாவோடு காலத்தை ஓட்டினேன். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் நேராக என் வீட்டுக்குத்தான் நாஸ்தாவுக்கு வருவாய். சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு, "எங்க, உன் பொட்டிய எடு" என்பாய். நம் இருவருக்குமே ஒன்றும் தெரியாது. எனக்குத் தொடவே பயம். உனக்கு அதன்மேல் தீராத சந்தேகம்.

முட்டி வலிக்கு என்ன எண்ணெய் நல்லது என்று ஒருநாள் அதில் தேடினேன். மறுநாள் செய்தி படிக்கலாம் என்று திறந்தால் பக்கத்தில் முட்டி எண்ணெய் விளம்பரம். சமையல் குறிப்பைத் திறந்தால் முட்டிக்குப் போடும் பட்டை. எனக்கு அது ஒருவிதத்தில் வசதியாகக்கூடப் பட்டது. உனக்குத்தான் முகம் மாறிவிட்டது.

"உன் முட்டி வலிய நான் யாராண்டயும் சொல்லல. உன் புள்ளையாண்ட கூட நீ சொல்லல. இவனுங்களுக்கு யாரு சொன்னா?"

"இதுல தேடினா இதுக்குத் தெரிஞ்சிடுமாம்க்கா."

"தெரியட்டும். தெரிஞ்சத ஊரெல்லாம் கூவிகினு திரியணுமா?"

அன்றுதான் ஓட்டல் வேலையைப் பற்றி நீ என்னிடம் விவரமாகப் பேசினாய். ஒருவர் படுத்து எழுந்த விரிப்பைப் பார்த்தால் போதும், அவர் அழுதாரா, குடித்தாரா, உடம்பு சரியில்லாதவரா, தூக்கமே இல்லாமல் புரண்டாரா என்பதெல்லாம் தெரிந்துவிடும் என்றாய். "எனக்குத் தெரியும். தெரிஞ்சாலும் தெரியாத மாதிரி தோச்சி, மடிச்சி, மேல அனுப்பணும். அழுக்க மிஷினே எடுத்துரும் நூரு. வாய மூடிகினு இருக்கறதுதான் நம்ம வேல." சாதாரணமாகச் சொல்லிவிட்டு டீயை ஆற்றத் தொடங்கினாய். அந்த ஓட்டலில் தங்கிப்போன யாருடைய கதையையும் நீ கடைசிவரை என்னிடம் சொன்னதே இல்லை.

பிறகு நாம் பிரவுசரின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறக்கக் கற்றுக்கொண்டோம். மொழியைத் தமிழுக்கு மாற்றிவைத்தோம். அந்தத் தமிழ் ஆங்கிலத்தைவிடக் கடினமாக இருந்தது. நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாடம் ஒப்பிப்பதுபோல வரிவரியாக உரக்க வாசிப்பேன். நீ கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருப்பாய். 'மூன்றாம் தரப்புக் குக்கீகளை அனுமதி' என்று ஒரு வரி வந்தது.

"இரு இரு. மூணாம் தரப்புன்னா யாரு?"

"நாமளும் இல்லாம, நாம பாக்குற பக்கத்துக்காரனும் இல்லாம, வேற ஒருத்தன்னு நெனைக்கிறேன்."

"நான் உன்னாண்ட பேசிகினு கீறேன். நடுவுல அவனுக்கு இன்னா வேல? மூடு."

மூடினோம். கேமரா, மைக், இருப்பிடம், அறிவிப்பு என்று கண்ணில் பட்டதையெல்லாம் மூடினோம். மூடிய வேகத்தில் ரியாஸின் வீடியோ அழைப்பும் வேலை செய்யாமல் போயிற்று. அந்த வெள்ளிக்கிழமை அவன் பயந்துபோய், எனக்கு என்ன ஆயிற்றோ என்று பள்ளிவாசல் தெருவிலிருந்து ஒருவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டான். நீ சுவரில் சாய்ந்து விழுந்து விழுந்து சிரித்தாய். நீ அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. உனக்குள் ஒரு வேதனை இருக்கிறது என்று எனக்குத் தெரிந்திருந்தது. என்னவென்று நீ சொல்லவில்லை, நானும் கிளறவில்லை.

அது வெளியே வந்தது ஒரு சிவப்புத் திரையால்தான். பிரியாணிக்கு எவ்வளவு தண்ணீர் என்று தேடப்போன இடத்தில் திரை முழுக்கச் சிவந்து, அபாயச் சங்குபோல ஒரு சத்தம் கிளம்பியது. உங்கள் கணினியில் உளவு மென்பொருள் நுழைந்துவிட்டது, உடனே இந்த எண்ணை அழையுங்கள் என்று எழுத்துகள் மினுங்கின. நான் போனை எடுத்துவிட்டேன். நீ என் மணிக்கட்டைப் பிடித்தாய்.

"வூட்டுல திருடன் பூந்துட்டான்னு கத்தறானே, அவன் மொதல்ல எப்டி உள்ள வந்தான்? அத யோசி."

மூடியை அழுத்திச் சாத்தினாய். சத்தம் நின்றது.

மறுநாள் அதைப் பழைய தலையணை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு செங்கல்பட்டுக்குப் பஸ் ஏறினோம். ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தவர் நடுவயதுக்காரர், பொறுமைசாலி. "அது டூப்பும்மா. அந்த நம்பருக்குப் பேசியிருந்தீங்கன்னா, பேசிப் பேசியே நெஜமா உள்ள பூந்திருப்பான்," என்றார். எப்போதோ நான் தெரியாமல் 'சரி' கொடுத்து பிரவுசரோடு ஒட்டிக்கொண்ட ஏதோ ஒன்றைக் கண்டுபிடித்து நீக்கினார். வைரஸ் தடுப்பு அதிலேயே இருக்கிறது, தனியாக வாங்க வேண்டாம், அப்டேட் கேட்டால் மட்டும் தள்ளிப்போடாதீர்கள் என்றார். நான் நிம்மதியாக எழுந்துவிட்டேன். நீ எழவில்லை.

"இதுல பூர்ற மாதிரி போன்லயும் பூர முடியுமா தம்பி? பேசறது, எழுதறது, எங்க போறோம் வர்றோம்றது எல்லாம் ஒருத்தன் உக்காந்த எடத்துலருந்தே பாக்குற மாதிரி?"

"முடியும்மா. ஆனா அது சாதாரணமா தானா வராது. யாராவது போன கைல வாங்கி, பூட்டத் தொறந்து, உள்ள போட்டு வைக்கணும். பெரும்பாலும் கூட இருக்கறவங்கதான் செய்வாங்க."

"வாங்கிக் குடுக்கும்போதே போட்டுக் குடுத்தா?"

அவர் கையிலிருந்த ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு உன்னை நிமிர்ந்து பார்த்தார். "யாருக்கும்மா?" என்றார். நீ லேப்டாப்பை உறைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தாய்.

திரும்பும் பஸ்ஸில், திருக்கழுக்குன்றம் தாண்டியதும், நீ ஜன்னல் பக்கம் பார்த்தபடியே ஜெனியைப் பற்றிச் சொன்னாய். உன் ஒரே மகள். செங்கல்பட்டில் கட்டிக்கொடுத்திருந்தாய். பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிரில் ஒரு மருந்துக் கடையில் பில் போடும் வேலை. ஏன் அவள் அம்மாவைப் பார்க்க வருவதில்லை என்று நான் கேட்டபோதெல்லாம் வேலை ஜாஸ்தி என்று சொல்லிவந்தாய். அவள் உன்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

அவள் உன்னிடம் மட்டும் போனில் சொன்ன பேச்சை அன்று சாயங்காலமே அவள் புருஷன் வார்த்தை மாறாமல் அவளிடம் திருப்பிச் சொல்லியிருக்கிறான். ஒருமுறை வீட்டில் சொல்லாமல், உன்னிடம் மட்டும் சொல்லிவிட்டு, கடையில் கூட வேலை செய்யும் பெண்ணோடு மாமல்லபுரம் போயிருக்கிறாள். மணலில் போய் உட்கார்ந்ததும் போன் வந்திருக்கிறது. "இன்னா, கடக்காத்து நல்லா கீதா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டானாம். வீட்டுக்குப் போனதும் அடித்திருக்கிறான். மறுநாள் ஜெனி உன்னைக் கூப்பிட்டுக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "உன்னாண்ட மட்டும்தானம்மா சொன்னேன்?"

"நான் சொல்லல நூரு," என்றாய். பஸ் இரைச்சலில் எனக்குக் காதில் விழவில்லை. மறுபடி சொன்னாய். "நான் சொல்லவே இல்ல. எனக்கே தெரியாம யாராண்டயாவது வாய் தவறிச் சொல்லிட்டனோன்னு எத்தினி நாளா யோசிச்சிகினு கீறேன் தெரியுமா? என் வவுத்துல பொறந்தது, என்னிய கோள் சொல்றவன்னு நெனச்சிகிச்சு. அந்தப் போனு அவன் கல்யாண நாளுக்கு வாங்கிக் குடுத்தது நூரு."

அந்தத் தனிமையை நீ எப்படித் தாங்கினாய் என்று இப்போது யோசிக்கிறேன். பக்கத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் நீ. இந்தப் பக்கம் நான். கேமராவுக்குப் பிளாஸ்திரியோடு ஓடிவந்த உன்னைப் பார்த்து நான் சிரித்துக்கொண்டிருந்தேன். நீயோ எங்கிருந்து கசிகிறது என்று தெரியாமல் தட்டுப்பட்ட ஓட்டையை எல்லாம் அடைத்துக்கொண்டிருந்திருக்கிறாய்.

ஜெனிக்கு இதைப் போனில் சொல்ல முடியாது. அவளுக்குச் சொல்வதெல்லாம் அவனுக்கும் போய்ச் சேரும். நீ கடைக்குப் போனால் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அதனால் நான் போனேன். "முட்டி வலிக்கு எண்ணெ கீதாம்மா?" என்று கேட்டுக்கொண்டே கவுண்டரில் கையை ஊன்றினேன். அவளுடைய போன் பில் மிஷினுக்குப் பக்கத்தில் இருந்தது. அதைக் கண்ணால் காட்டி, உதட்டில் விரல் வைத்து, வெளியே வா என்று சைகை செய்தேன். யாரோ பைத்தியம் என்று நினைத்திருப்பாள். ஆனால் நீ குடிவந்த புதிதில் என்னைப் பார்த்த ஞாபகம் அவள் முகத்தில் வந்தது. கொஞ்ச நேரம் அந்தப் போனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அதை அங்கேயே விட்டுவிட்டு எழுந்து வந்தாள்.

நீ டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். உன்னைக் கண்டதும் அவள் நின்றுவிட்டாள்.

"இதுக்குதான் ஆள் வுட்டு இட்டாந்தியா?"

"ஜெனி, நான் சொல்லலடி. அந்தப் போனு சொல்லுது."

"எந்தப் போனு?"

"அவன் குடுத்த போனு."

அவள் உதட்டைச் சுழித்தாள். டீக்கடைக்காரர் நம்மையே பார்த்துக்கொண்டிருந்தார். ரிப்பேர் கடைக்காரர் சொன்னதை நான் மெதுவாக, ஒன்றுவிடாமல் அவளிடம் சொன்னேன். கேட்கக் கேட்க அவள் முகம் வெளிறியது. ஆனாலும், "என் கண்ணால பாக்காம நான் எதையும் நம்பறதா இல்ல ஆன்ட்டி. இதுக்கு முன்னாடி எங்கம்மாவயே தப்பா நெனச்சிட்டு ஒக்காந்திருக்கேன்," என்றாள். அதற்கான வழியையும் அவளே யோசித்துச் சொன்னாள்.

அடுத்த நாள் அவள் அந்தப் போனிலிருந்தே எனக்குப் பேசினாள். வரும் சனிக்கிழமை மத்தியான எலக்ட்ரிக் டிரெயினில் சென்னைக்கு ஒரு வக்கீலைப் பார்க்கப் போவதாகச் சொன்னாள். நம் மூவரைத் தவிர உலகத்தில் யாருக்கும் அந்தப் பேச்சு தெரியாது. உனக்கும் எனக்கும் அது பொய் என்று தெரியும்.

சனிக்கிழமை அவள் போனைக் கடை டிராயரில் வைத்துவிட்டு வந்தாள். செங்கல்பட்டு ஜங்ஷன் நடைமேம்பாலத்தின் மேல், கூடைகளை இறக்கிவைத்து இளைப்பாறும் பெண்களுக்குப் பின்னால் நாம் மூவரும் நின்றோம். வெயில் தகரக் கூரையில் காய்ந்துகொண்டிருந்தது. நீ ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாய். அவன் வரக்கூடாது என்று வேண்டினாயா, வரவேண்டும் என்று வேண்டினாயா என்று நான் கேட்டதில்லை. வராவிட்டால் கோள் சொன்னவள் நீ என்றே ஆகும். வந்தால் உன் மகள் வாழ்க்கை போயிற்று.

வந்தான். நன்றாகத் தலைவாரி, இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு வந்தான். ரயில் வர இன்னும் நேரமிருந்தது. பெண்கள் பெட்டி நிற்கும் இடத்துக்குப் போய் நின்றுகொண்டு, கையிலிருந்த போனைப் பார்ப்பதும் வந்துபோகிற முகங்களைப் பார்ப்பதுமாக இருந்தான். ரயில் வந்து நின்றபோது பெட்டியின் ஜன்னல்களில் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனான். ரயில் கிளம்பிய பிறகும் காலி பிளாட்பாரத்தில் நின்றான்.

ஜெனி சத்தமே போடவில்லை. உன் கையை எடுத்துத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "அம்மா" என்றாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு நீ கேட்ட வார்த்தை அது. நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

போனை உடனே சுத்தம் செய்துவிட நாம் இருவரும் துடித்தோம். ரிப்பேர் கடைக்காரர்தான் தடுத்தார். அவன் உள்ளே போட்டு வைத்திருப்பதை எடுத்தால் அந்த நிமிஷமே அவனுக்குத் தெரியும். முதலில் பெண் பத்திரமான இடத்துக்குப் போகட்டும், போனை இருக்கிறபடியே போலீஸில் கொடுங்கள் என்றார். அப்படியே செய்தோம்; ஜெனி உன் வீட்டுக்கு வந்துவிட்டாள். மகளிர் காவல் நிலையத்தில் ஒரு அம்மா ஜெனி சொன்னதை முழுக்கக் கேட்டு எழுதிக்கொண்டார். வழக்கு நடந்தது, பிரிவும் கிடைத்தது. இடையில் ஒருநாள் அவன் நம் தெருவுக்கு வந்து எதிரில் நின்றான். நீ ஒரு நாற்காலியை எடுத்துவந்து வாசலில் போட்டு உட்கார்ந்து, அவன் போகும்வரை அவனையே பார்த்துக்கொண்டிருந்தாய். அவனால் அதைக் கொஞ்ச நேரத்துக்குமேல் தாங்க முடியவில்லை.

தாம்பரத்தில் வேலையும் பெண்கள் விடுதியில் இடமும் கிடைத்து ஜெனி புதுப் போன் வாங்கியபோது, அதை என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துதான் சரிசெய்தோம். பூட்டு எண் போடும்போது அவள் உன்னிடம் காட்ட வந்தாள். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டு, "எனக்குச் சொல்லாத. நான் அம்மாவாவே இருந்தாலும் சொல்லாத," என்றாய்.

அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகள்தான் நம் நல்ல காலம். மூன்று தட்டு. ஜெனி அடிக்கிற கிண்டல். இந்தப் பக்கம் இப்படிக் கேட்குதே, அனுமதிக்கலாமா என்று நாம் ஒவ்வொன்றாக அவளிடம் கேட்க, அவள் தலையில் அடித்துக்கொண்டு சொல்லித்தருவாள். அது ரொம்ப நாள் நீடிக்கவில்லை. உன் வயிற்றில் கட்டி என்றார்கள்.

பெரிய ஆஸ்பத்திரியில் நீ படுத்திருந்தபோது ஜெனி லீவு கிடைத்த நாளெல்லாம் வந்தாள். மற்ற நாட்களில் நான் பஸ் பிடித்து வருவேன். ஒரு மத்தியானம் தலைமாட்டிலிருந்து உன் போனை எடுத்து என் மடியில் போட்டாய்.

"எங்க கீறோம்னு காட்டுமே, அதத் தொறந்து வுடு. உனக்கும் ஜெனிக்கும் மட்டும்."

மருந்து மயக்கத்தில் பேசுகிறாய் என்று நினைத்தேன். "நீதானக்கா எல்லாத்தையும் மூடச் சொன்ன?"

"அது வேற. என்னிய ஸ்கேனுக்கு ஒரு பக்கம், ஊசிக்கு ஒரு பக்கம்னு தள்ளிகினு போறாங்கோ. நீ வந்து தேடிகினு நிப்ப. நான் எங்க கீறேன்னு உனக்குத் தெரியணும்." மூச்சு வாங்கிக்கொண்டு, பிறகு சொன்னாய். "பாக்குறது வேற நூரு, பாத்துக்கிறது வேற."

அது வார்டையெல்லாம் காட்டாது, ஆஸ்பத்திரி என்று ஒரே புள்ளியாகத்தான் காட்டும் என்பது எனக்குத் தெரியும். உனக்கும் தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். இருந்தும் திறந்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போதெல்லாம் அதைத் திறந்து பார்த்துக்கொண்டே வருவேன். நீ இருந்தாய்.

ஜெனி கூப்பிட்ட அன்று பஸ் திருக்கழுக்குன்றத்தில் நின்று ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. "எங்க ஆன்ட்டி வந்துகினு கீறீங்க?" என்று கேட்டாள். சொல்லாமலே எனக்குப் புரிந்தது. போனில் உன் புள்ளி அதே இடத்தில்தான் இருந்தது. நான் வந்து சேரும்வரை அதே இடத்தில் இருந்தது. உன்மேல் போர்த்தியிருந்த விரிப்பின் ஓரம் சுருங்கியிருந்தது. அதை மட்டும் நீவிவிட்டேன். மாதா கோயில் கல்லறையில் உன்னை வைத்தபோது ஜெனி என் கையை விடவே இல்லை.

உன் போர்ஷனுக்கு இப்போது வேலைக்குப் போகும் இளம் தம்பதி வந்திருக்கிறார்கள். நல்லவர்கள்தான். கதவு எப்போதும் சாத்தியிருக்கும். ரியாஸ் வெள்ளிக்கிழமை பேசுகிறான். சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா, பணம் வந்ததா. சென்ற பிறந்த நாளுக்கு எனக்கு முதலில் வந்த வாழ்த்து ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையிலிருந்து. என் பெயரைப் போட்டு, நான் நூறாண்டு வாழவேண்டும் என்று எழுதியிருந்தது. நீ இருந்திருந்தால், என் பிறந்த நாளை அவனுக்கு யார் சொன்னது என்று சண்டைக்குப் போயிருப்பாய். நான் அதை இரண்டு தடவை படித்தேன் அக்கா. அழிக்கவில்லை. எதை எப்படி மூடுவது என்று எனக்கு இப்போது நன்றாகவே தெரியும். எட்டிப் பார்க்க ஆளே இல்லாத வீட்டில் எதை மூட?

உன் போனை நிறுத்தப்போகிற அன்று ஜெனி என்னிடம் சொல்லிவிட்டுத்தான் நிறுத்தினாள். வரைபடத்தில் உன் புள்ளி இல்லாமல் போயிற்று. அப்போதே அவள், "ஆன்ட்டி, என்னோடத உங்களுக்குத் தொறந்து வுடட்டா?" என்றாள். "உனக்கு நடந்ததுக்கப்புறம் இது எதுக்கும்மா?" என்றேன்.

"அப்ப நான் தொறக்கல ஆன்ட்டி. அவனா பூந்தான். இப்ப நானாத் தொறக்கறேன். வேணாம்னு தோணுனா மூடிருவேன். வேல முடிச்சி நான் ரூமுக்கு வந்து சேந்தனா இல்லியான்னு யாராச்சும் ஒருத்தருக்குத் தெரியணும் ஆன்ட்டி. உங்களோடதும் தொறங்க."

திறந்தேன். சாயங்காலம் அவள் விடுதிக்கு வந்து சேர்ந்துவிட்டாளா என்று ஒருமுறை பார்ப்பேன். பார்த்ததும் மூடிவிடுவேன். பகலில் அவள் எங்கே போகிறாள், யாரோடு போகிறாள் என்று ஒருநாளும் பார்த்ததில்லை. கை போகாமல் இல்லை. தனியாக இருப்பவர்களுக்குக் கை போகும். அந்த நேரத்தில் உன் குரல் வந்து நிற்கும். உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்தக் குரல்தான்.

போன வாரம் சில நாட்கள் நான் வெளியே போகவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுக்குத்தான் எழுந்திருக்கப் பிடிக்கவில்லை. இருந்த சோற்றையே சுடவைத்துச் சாப்பிட்டுக்கொண்டு, கட்டிலிலேயே கிடந்தேன். தெருவில் யாருக்கும் அது தெரிய நியாயமில்லை. அப்போது ஜெனி கூப்பிட்டாள்.

"இன்னா ஆன்ட்டி, நீங்க வூட்ட வுட்டு நகரவே இல்ல போல கீதே?"

"போன வூட்லயே வெச்சிட்டுப் போயிடறேம்மா," என்று பொய் சொன்னேன்.

"சரி ஆன்ட்டி," என்றாள். நம்பவில்லை என்று குரலிலேயே தெரிந்தது. மேலே துருவவில்லை. உன் மகள்தானே. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், இடியாப்பம் செய்து வையுங்கள் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

எழுந்து முகம் கழுவி, செருப்பைப் போட்டுக்கொண்டு, போனை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். மீன் விற்கும் சந்து வழியாக, இழுத்துப் போட்டிருந்த படகுகளைத் தாண்டி, தண்ணீர் காலில் படும் இடம்வரை போனேன். முட்டி வலித்தது. அங்கிருந்தே திரும்பியிருக்கலாம். ஆனால் அவள் பார்ப்பாள் என்று கரையோரமாக இன்னும் கொஞ்ச தூரம் கூடுதலாகவே நடந்தேன் அக்கா.

நூரு